டி.டி.ஆருக்கு மனசாட்சி உண்டா?

ஊரிகம் ஸ்டேஷனில் காலை ரயில் வந்து நின்றபோது நான் ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தேன். தவமெல்லாம் இல்லை. முந்தின நாள் பாத்ரூமில் சோப்பை மிதித்து வழுக்கியதில் வலது கணுக்கால் சுளுக்கி, குட்டிப் பூசணிக்காய் மாதிரி வீங்கியிருந்தது. தோளில் ஹேண்ட்பேக், ஒரு கையில் துணிப்பை, இன்னொரு கைக்கு பத்மா அக்காவின் தோள்.

"ஒரு நாள் லீவு போட்டா இன்னா கலா? நீ போவலன்னா பெங்களூர்ல யாருக்கும் பல்லு புடுங்க மாட்டாங்களா?" என்று திட்டிக்கொண்டே அக்கா என்னை இழுத்து ஏற்றினார்.

ஏறினால், வழக்கம்போல இடமில்லை. எல்லா சீட்டிலும் ஆள். ஆள் இல்லாத சீட்டில் கைக்குட்டை. கைக்குட்டையும் இல்லாத ஒரே ஒரு ஜன்னலோர சீட்டில் ஒரு நாய் சுருண்டு படுத்திருந்தது.

அந்த நாய் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தது. கீழே பார்த்தது. முன்கால்களை நீட்டி ஒரு சோம்பல் முறித்தது. பிறகு சீட்டிலிருந்து இறங்கி, அடியில் போய்ப் படுத்துக்கொண்டது.

எதிர் சீட்டில் சீட்டாடிக்கொண்டிருந்தவர்களின் கைகள் கூட அப்படியே நின்றுவிட்டன. நான் மெதுவாக அந்த ஜன்னலோரத்தில் உட்கார்ந்தேன். சீட்டு வெதுவெதுப்பாக இருந்தது.

பத்மா அக்காதான் முதலில் வாயைத் திறந்தார். அவர் பெங்களூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் வார்டு ஆயா. ஒரு வார்டு முழுவதையும் வாசலில் நின்றே எழுப்பக்கூடிய குரல்.

"பாத்தீங்களாய்யா? நல்லா பாத்துக்குங்க! நாய்க்கு கீற புத்தி இங்க ஒரு ஆம்பளைக்காச்சும் கீதா?"

கர்சீப் சட்டம்

இந்தத் தொடரை இடையில் படிக்க வந்தவர்களுக்கு எங்கள் ரயிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

கோலார் தங்க வயலிலிருந்து பெங்களூருக்கு வேலைக்குப் போகிற எங்கள் ரயில் மாரிகுப்பத்தில் புறப்படுகிறது. அடுத்தது சாம்பியன். அதற்கடுத்து நாங்கள் ஏறும் ஊரிகம். இவ்வளவு அருகில்தான் இருக்கிறோம், ஆனாலும் ரயில் எங்களிடம் வந்து சேர்வதற்குள் உட்காரும் இடமெல்லாம் தீர்ந்துபோயிருக்கும். மாரிகுப்பத்தில் முதலில் ஏறுகிறவர் தனக்கொரு சீட்டைப் பிடித்துக்கொண்டு, பின்னால் வரப்போகிற நண்பர்களுக்காக மற்ற சீட்டுகளில் கர்சீப், டிபன் பை, பழைய பேப்பர், ஒருமுறை ஒற்றைச் செருப்பு என்று எதையாவது போட்டுவிடுவார். போட்டால் போட்டதுதான். அதன்மேல் யாரும் உட்காரக்கூடாது. சுரங்கம் மூடியபிறகு எங்கள் ஊரில் எல்லோரும் பயபக்தியோடு மதிக்கிற சட்டம் இது ஒன்றுதான்.

எங்கள் பெட்டியில் இந்தச் சட்டத்துக்கு மந்திரி தனசேகர். எல்லோருக்கும் தனா. நாற்பது நாற்பத்தைந்து வயதிருக்கும். ஒயிட்ஃபீல்டில் ஒரு பெரிய ஷாப்பிங் மாலில் லிஃப்ட் மெக்கானிக். "எங்க தாத்தா கேஜ்ல ஏறி பூமிக்குள்ள எறங்கினாரு. நான் ஜனங்கள மேல ஏத்தி உட்டுகினு கீறேன்" என்று சுரங்கத்துக் கூண்டையும் தன் லிஃப்டையும் சேர்த்துப் பெருமை பேசுவார். சீட்டாடுவதற்காக சீட்டுப் பிடிக்கும் கோஷ்டி அவருடையது. அந்தக் கோஷ்டியில் பாபு என்று ஒருவர். மலை மாதிரி உடம்பு, மண்டபம் மாதிரி மார்பு, பேச்சு மட்டும் கிடையாது.

இந்தச் சட்டத்துக்குக் கட்டுப்படாத ஒரே பயணிதான் அந்த நாய்.

முதுகெல்லாம் கறுப்பு, மார்பு மட்டும் வெள்ளை. கறுப்புக் கோட்டுப் போட்டு டிக்கெட் பரிசோதிக்க வருகிறவர் மாதிரியே இருக்கும். அதனால் டி.டி.ஆர். என்று பெயர். மாரிகுப்பத்தில் எல்லோருக்கும் முன்னால் ஏறி அந்த ஜன்னலோரத்தைப் பிடித்துக்கொள்ளும். பங்காருப்பேட்டையில் ரயில் கொஞ்ச நேரம் நிற்கும்போது இறங்கி, பிளாட்பாரத்து இட்லிக் கடையில் ஆகாரம் முடித்துக்கொண்டு, எதிர்ப்பக்கம் வரும் வண்டியில் ஏறி ஊர் திரும்பிவிடும். இப்படி ஒரு ஒழுங்கு எங்கள் பெட்டியில் வேறு யாருக்கும் கிடையாது.

ஒருமுறை யாரோ அதைத் தட்டி எழுப்பப் பார்த்தார். அது பல்லைக் காட்டியது. பல் விஷயத்தில் எனக்கு அனுபவம் உண்டு. நான் ஒரு பல் ஆஸ்பத்திரியில் ரிசப்ஷனில் உட்காருகிறவள். சொத்தை இல்லாத, வரிசை தவறாத, மிக ஆரோக்கியமான பற்கள் அவை. அதன்பிறகு அந்த சீட்டை யாரும் கேட்கவில்லை.

அப்படிப்பட்ட டி.டி.ஆர். எனக்கு எழுந்து இடம் கொடுத்துவிட்டது.

திடீர் மகான்

செய்தி அடுத்த பெட்டிக்குப் போனது. அங்கிருந்து ஊருக்குள் போனது. திரும்பி வரும்போது அது நான் சொன்ன கதையாக இல்லை.

டி.டி.ஆர். ஒரு கர்ப்பிணிக்கு எழுந்து இடம் கொடுத்ததாம். பார்வையில்லாத ஒருவரைக் கதவுவரை கொண்டுபோய் விட்டதாம். சனிக்கிழமையில் முட்டையைத் தொடாதாம். எதையும் யாரும் நேரில் பார்க்கவில்லை. பார்த்தவருக்குத் தெரிந்தவரைத் தெரிந்தவர்கள் சொன்னார்கள்.

ஆயுத பூஜைக்கு எங்கள் பெட்டியில் வாழைக்கன்று கட்டி, பொரி கடலை வைத்து சாமி கும்பிடுவது வழக்கம். அந்த வருஷம் பத்மா அக்கா டி.டி.ஆரின் நெற்றியிலும் சந்தனம் வைத்துவிட்டார். அது அந்தச் சந்தனத்தை நக்கிப் பார்க்க ஆசைப்பட்டு, எட்டாமல், பங்காருப்பேட்டை வரைக்கும் நாக்கை மேல்நோக்கி நீட்டிக்கொண்டே வந்தது. பார்த்தவர்கள் தியானம் என்றார்கள்.

எனக்கும் கொஞ்சம் தலைக்கனம் ஏறியிருந்தது. மகான் தேர்ந்தெடுத்த ஆள் நான்தானே! கிளினிக்கில் பல் வலியோடு கன்னத்தைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறவர்களிடம்கூட இந்தக் கதையைச் சொன்னேன். அவர்களால் பதில் பேச முடியாது என்பது ஒரு வசதி.

நஷ்டம் தனாவுக்குத்தான். முன்பெல்லாம் நின்றுகொண்டு வருகிறவர்கள் அவருடைய கர்சீப்பைப் பார்த்துவிட்டுப் பேசாமல் ஒதுங்குவார்கள். இப்போது கர்சீப்பைப் பார்த்து, நாயைப் பார்த்து, தனாவைப் பார்த்து, ஒரு பெருமூச்சு விட்டார்கள். அந்தப் பெருமூச்சு அவரை அரித்தது.

லிஃப்ட் நல்லவனா?

ஒரு நாள் அவர் கையிலிருந்த சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு நேராகவே ஆரம்பித்தார்.

"பத்மாக்கா, ஒண்ணு கேக்கறேன். எங்க மால்ல லிஃப்ட் கதவு மூடிகினு கீறப்போ நீங்க குறுக்க கால வச்சா, கதவு தன்னால தொறந்துடும். ஆமாவா?"

"ஆமா."

"அப்ப லிஃப்ட் நல்லவனா? உங்க மேல பாசமா அதுக்கு?"

"அது மெஷினு."

"இதுவும் அப்படித்தாங்க்கா. ஏதோ ஒண்ணு பட்டுது, எறங்கிச்சு. நல்லது கெட்டது தெரிஞ்சு செஞ்சாத்தான் தர்மம். தெரியாம செஞ்சா அது சும்மா நடந்தது, அவ்ளோதான். நாய்க்கு இன்னா தெரியும்?"

"தெரியாம செஞ்சா தர்மம் இல்ல. சரி. தெரிஞ்சும் செய்யாம குந்திகினு கீறியே நீ, அதுக்கு இன்னா பேரு?"

பெட்டியில் சிரிப்பு. பாபுகூடச் சிரித்தார், சத்தம் வராமல்.

தனா விடவில்லை. "அத்த உடுங்க. லிஃப்ட்டுக்கும் நாய்க்கும் இன்னா வித்தியாசம், சொல்லுங்க பாப்போம்."

அக்கா யோசித்தார். கோரமண்டல் ஸ்டேஷன் தாண்டும்வரை யோசித்தார். பிறகு சொன்னார். "லிஃப்ட் வாலாட்டுமா?"

தனா தாடையைச் சொறிந்துகொண்டு டி.டி.ஆரின் சீட்டுக்கு அடியில் உற்றுப் பார்த்தார்.

அப்பாவின் எலி

இந்தச் சண்டையைக் கேட்டபோது எனக்கு எங்கள் அப்பாவின் எலி ஞாபகம் வந்தது.

அப்பா எங்கள் ஊரில் மைசூர் மைன்ஸ் என்ற தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். பூமிக்குள் வெகு ஆழத்தில், அவர் வேலை செய்த லெவலில் ஒரு எலி இருந்ததாம். சுரங்கத்தில் எலியை யாரும் அடிக்கமாட்டார்கள். பாறை வெடித்துச் சரிவதற்கு முன்னால் எலிகள் ஓடும், அவை ஓடுவதைப் பார்த்து ஆட்களும் ஓடித் தப்பிக்கலாம் என்று நம்பிக்கை. அதனால் அப்பா தினமும் சாப்பாட்டுத் தூக்கில் ஒரு ஓரத்தை அந்த எலிக்காக ஒதுக்குவார். அம்மா மீன் வறுத்துக் கொடுத்தால் நல்ல நடுத்துண்டு எலிக்குப் போகும்.

அம்மாவுக்கு அந்த எலிமேல் ஒரே பொறாமை. "கட்டிகினு வந்தவளுக்கு ஒரு நாளாச்சும் நடுத்துண்டு எடுத்து வச்சிருக்கீங்களா?" என்பார்.

"அது என் உசுர காப்பாத்துது."

"உங்கள காப்பாத்தவா ஓடுது? அது உசுருக்கு அது ஓடுது. நீங்க பின்னாடி ஓடறீங்க."

"எதுக்கு ஓடினா இன்னா? நான் வெளிய வந்து சேரணும், அவ்ளோதான்."

"அப்படின்னா நானும் நாளைலருந்து தெருவுல ஓடறேன். எனக்கும் நடுத்துண்டு குடுங்க."

அந்த எலி ஒருநாளும் ஓடவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அப்பா நல்லபடியாக வேலையை முடித்து வெளியே வந்தார். நல்ல மீனாகத் தின்று தின்று ஓட முடியாத அளவுக்கு அது கொழுத்துப் போயிருக்கும் என்பது அம்மாவின் கடைசி முடிவு.

நெத்திலி

தனாவுக்கு வருவோம். அவர் சீட்டுக்கு அடியில் உற்றுப் பார்த்தார் என்றேன் அல்லவா? மறுநாள் காலை நான் ஏறியதும் நேராக என்னிடம் கேட்டார்.

"கலாக்கா, நாய் எடம் குடுத்த அன்னிக்கு உங்க கையில ஒரு துணிப்பை இருந்துதே. உள்ள இன்னா இருந்துது?"

நான் சாதாரணமாகச் சொல்லிவிட்டேன். "கே.ஆர்.புரத்துல கீற எங்க நாத்தனாருக்கு நெத்திலிக் கருவாடு."

சொல்லி முடிப்பதற்குள் எனக்கே விளங்கிவிட்டது. தனாவின் முகத்தில் ஒரு வெளிச்சம். அன்றைக்கு ஏறியதுமே அந்தப் பையைத் தரையில், நாய் படுத்திருந்த சீட்டுக்கு அடியில் தள்ளி வைத்திருந்தேன்.

"பை கீழ போச்சு. நாயும் கீழ போச்சு. இதுக்குப் போயி நெத்தியில சந்தனம்!"

சோதனை வைத்தே தீருவது என்று முடிவாயிற்று. மறுநாள் பாபு வீட்டிலிருந்து ஒரு பொட்டலம் கருவாடு கொண்டுவந்தார். சுளுக்கு, வீக்கம், வயோதிகம், கர்ப்பம் எதுவும் இல்லாத பாபு, பொட்டலத்தை சீட்டுக்கு அடியில் வைத்தார். டி.டி.ஆர். ஒரு மரியாதைக்குக்கூடத் தாமதிக்காமல் இறங்கியது. பாபு உட்கார்ந்தார். சீட்டு முனகியது.

அடுத்த நாள் என் முறை. கருவாடு இல்லாமல், கால் நொண்டுவது போல நடித்துக்கொண்டு நான் வர வேண்டும். சுளுக்கு அதற்குள் சரியாகிவிட்டிருந்தது. எனக்கு நடிப்பு வராது. எந்தக் காலை நொண்ட வேண்டும் என்று பாதியில் மறந்து இரண்டு காலையும் நொண்டினேன். "ஐயோ, அம்மா" என்று வேறு சொன்னேன். டி.டி.ஆர். ஒரு கண்ணை மட்டும் திறந்தது. என்னைப் பார்த்தது. மூடிக்கொண்டது.

பெட்டியே கைதட்டியது. எனக்கு அழுகை வந்துவிட்டது. விளையாட்டுக்குச் சொல்லவில்லை. இத்தனை நாளும் அந்த நாய் என் வலியைப் பார்த்து எழுந்தது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஐம்பது வயதுக்கு மேல், நம்மைக் கண்டு ஒரு ஜீவன் எழுந்திருக்கிறது என்பது சின்ன விஷயமா? வீட்டில் நான் வந்தால் டி.வி. சத்தத்தைக்கூடக் குறைக்கமாட்டார்கள்.

பத்மா அக்கா மட்டும் தோல்வியை ஒத்துக்கொள்ளவில்லை. "இவ நடிச்சது எனக்கே புடிக்கல. நாய் எப்படி நம்பும்? நெசமான வலி எது, நாடகம் எதுன்னு தெரிஞ்ச நாய்யா அது!"

"அப்ப பாபுவுக்கு இன்னாக்கா வலி?" என்றார் தனா.

"அவனுக்கு மனசுல இன்னா வலியோ. வாயத் தொறந்தாத்தானே தெரியும்."

பாபு தலையை ஆட்டினார். இருக்கிறது என்றா இல்லை என்றா என்று தெரியவில்லை.

"கருவாட்டுக்கு எறங்கிச்சு, ஒத்துக்கறேன்" என்று அக்கா கடைசியில் தனாவிடம் இறங்கி வந்தார். "நீ கோயில்ல டியூப் லைட் வாங்கிக் குடுத்து அதும்மேல பேர எழுதினியே, அது எதுக்கு? லைட்டே தெரியல, உம்பேர்தான் தெரியுது. உனக்கு பேரு, அதுக்கு நெத்திலி."

தனாவின் இடுப்பு

சோதனையில் ஜெயித்தபிறகு தனாவுக்குக் கொஞ்சம் ஆட்டம் கூடிவிட்டது. டி.டி.ஆரைப் பார்க்கும்போதெல்லாம், "இன்னா சாமியாரே, இன்னிக்கு இன்னா விரதம்?" என்று காதைப் பிடித்துத் திருகுவார். வெறும் கையைப் பொத்தி மூக்கருகே காட்டி ஏமாற்றுவார். அது முறைக்கும். அவர் சிரிப்பார்.

பிறகு ஒரு வாரம் அவர் வரவில்லை. வீட்டில் கேஸ் சிலிண்டரைத் தூக்கும்போது இடுப்பு பிடித்துக்கொண்டதாம். பத்மா அக்காதான் தன் ஆஸ்பத்திரியில் டாக்டரிடம் சொல்லி வைத்து, வெறும் வயிற்றில் வரச் சொன்னார், ரத்தப் பரிசோதனையும் இருக்கும் என்று.

ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய அன்றைக்கு தனாவால் மாரிகுப்பம் வரை நடக்க முடியவில்லை. ஊரிகம் பக்கம் வந்த யாரோ வண்டியில் கொண்டுவந்து எங்கள் ஸ்டேஷனில் இறக்கிவிட்டார்கள். வாழ்க்கையில் முதல்முறையாக எங்களோடு ஏறினார். வலது கை இடுப்பில், முகம் வலது பக்கம், கால்கள் இடது பக்கம்.

பெட்டியில் இடமில்லை. அவருடைய கோஷ்டி அவரை எதிர்பார்க்காததால் அவர் இடத்தில் வேறொருவர் சீட்டாடிக்கொண்டிருந்தார். நான் அன்றைக்கு அதிர்ஷ்டவசமாக நடுவில் ஒரு இடம் கிடைத்து உட்கார்ந்திருந்தேன். பத்மா அக்காவும் என்னை நெருக்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஜன்னலோரத்தில் டி.டி.ஆர்.

எல்லோருடைய கண்ணும் நாய்மேல் போனது. இதோ நிஜமான வலி. கையில் ஒரு எக்ஸ்ரே கவர் மட்டும்தான். கருவாடு இல்லை. இதைவிட நல்ல சோதனை கிடைக்குமா?

டி.டி.ஆர். தனாவைப் பார்த்தது. நன்றாகவே பார்த்தது. பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தது.

"டேய், எறங்குடா" என்றார் தனா.

அசையவில்லை.

"கண்ணு, எறங்குப்பா. இடுப்பு உட்டுப்போச்சு."

அது வாலை மட்டும் உள்ளே இழுத்துக்கொண்டது.

தனாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "வேணும்னே பண்ணுதுக்கா! நான் காதத் திருகினேன் இல்ல, அத்த மனசுல வச்சிகினு பழி வாங்குது! கெட்ட புத்தி. நன்றி கெட்டது!"

பத்மா அக்கா சட்டென்று நிமிர்ந்தார். பல நாள் காத்திருந்த பஸ் வந்தது போல ஒரு சந்தோஷம் அவர் முகத்தில்.

"இன்னா சொன்ன? திருப்பிச் சொல்லு!"

"கெட்ட புத்தின்னு சொன்னேன்."

"லிஃப்ட் நின்னு போச்சுன்னா கெட்ட புத்தின்னு திட்டுவியா நீ?"

தனா எக்ஸ்ரே கவரை அக்குளில் இடுக்கிக்கொண்டார்.

"நல்லது கெட்டது தெரியாத ஜென்மம்னியே. தெரியாததுக்கு எங்கருந்துடா வந்துச்சு கெட்ட புத்தி? கோவிச்சிக்கிறன்னா அதுக்குத் தெரியும்னு நீயே ஒத்துகினன்னு அர்த்தம்!"

பெட்டி அதிர்ந்தது. பாபு தன் தொடையில் ஓங்கி அடித்துக்கொண்டார். "மன்னிப்புக் கேளு!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். "கேளு, கேளு!" என்று பத்துக் குரல்கள்.

தனா சுற்றிலும் பார்த்தார். சிரிக்கலாமா என்று யோசித்தது தெரிந்தது. ஆனால் அந்த வலியில் அவருக்குச் சிரிப்பு வரவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு முடிந்தவரை குனிந்தார்.

"தப்புதான்பா. காதத் திருகியிருக்கக் கூடாது. வெறும் கையக் காட்டி ஏமாத்தியிருக்கக் கூடாது. நீ அத்த மனசுல வச்சிக்காத."

நிஜமாகவே கேட்டார். அதனால் யாரும் சிரிக்கவில்லை. நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு டி.டி.ஆரைப் பார்த்தோம்.

அது கொட்டாவி விட்டது.

ஒரு அம்மாளின் கேள்வி

"எறங்குப்பா" என்று ஆளாளுக்கு நாயைக் கெஞ்சிக்கொண்டிருக்கும்போதே பங்காருப்பேட்டை வந்துவிட்டது. கூட்டத்தோடு ஒரு கன்னடத்து அம்மாள் ஏறினார். கையில் பெரிய கூடை. பெட்டிக்குள் வந்தவர், கோணலாக நிற்கும் ஒரு மனிதரையும், அவரைச் சுற்றி வசதியாக உட்கார்ந்துகொண்டு நாயிடம் கெஞ்சும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏன்ரீ இது? நாயின யாக்ரீ கேள்தீரா? நீவே ஏளக்காகல்வா?"

நாயை ஏன் கேட்கிறீர்கள், நீங்களே எழுந்திருக்கக்கூடாதா என்று கேட்டார். அவ்வளவுதான்.

சத்தியமாகச் சொல்கிறேன், அதுவரை அந்த யோசனை எங்களில் யாருக்கும் வரவில்லை. ஊரிகத்திலிருந்து அந்த மனிதர் நின்றுகொண்டு வருகிறார். நாங்கள் எல்லோரும் நாய் எழுந்திருக்குமா என்று பார்த்துக்கொண்டு வருகிறோம்.

அடுத்த நொடி எல்லோரும் ஒன்றாக எழுந்தோம். நான், பத்மா அக்கா, பாபு, சீட்டாடும் கோஷ்டி முழுக்க. பாபுவின் தலை மேலே இருந்த பைகளில் இடித்து ஒரு டிபன் பை கீழே விழுந்தது. "நீங்க உக்காருங்க தனா", "இல்ல, இங்க வாங்க", "இங்க ஃபேன் வருது" என்று ஒரே உபசாரம். அந்த அம்மாள் எதையும் கண்டுகொள்ளாமல், காலியான இடங்களில் நல்லதாகப் பார்த்து ஒன்றில் உட்கார்ந்து கூடையை மடியில் வைத்துக்கொண்டார். தனா என் இடத்தில் மெல்ல மெல்ல உட்கார்ந்தார்.

ரயில் நகர்ந்தது. அப்போதுதான் பாபு பேசினார். அவர் பேசி நான் கேட்டது அது முதல்முறை.

"டி.டி.ஆர். எறங்கல."

பங்காருப்பேட்டையில் தினமும் தவறாமல் இறங்குகிற நாய் அன்றைக்கு இறங்கவில்லை. சீட்டிலிருந்து மட்டும் இறங்கியிருந்தது. தனாவின் காலடியில் போய், அவர் பாதத்தின்மேல் தாடையை வைத்துப் படுத்திருந்தது.

தனா அசையவே இல்லை. "பையில ஒண்ணுமே இல்லக்கா" என்றார் மிக மெதுவாக. "வெறும் வயிறு. எக்ஸ்ரேதான் கீது. இது எனக்காகத்தான் வந்துது."

"எக்ஸ்ரேயில எலும்பு கீதே, அத்த மோந்திருக்கும்" என்றார் பத்மா அக்கா.

"இன்னாக்கா இப்படிப் பேசறீங்க? அதுக்கு மனசு கீதுன்னு சொன்னதே நீங்கதானே!"

"சொன்னேன். அதுக்காக உனக்கா எறங்கும்? அந்தம்மா கூடையில இன்னா கீதோ யாரு கண்டா? பஸ்ட்டு அத்தப் பாருங்கய்யா!"

அந்த அம்மாள் கூடையை இறுக்கிக் கட்டிக்கொண்டார். அதில் என்ன இருந்தது என்று கடைசிவரை தெரியவில்லை. பெங்களூர் கன்டோன்மென்ட் வருகிறவரைக்கும் இருவரும் சண்டை போட்டார்கள். தனா நாயின் கட்சி, அக்கா கருவாட்டின் கட்சி.

கன்டோன்மென்டில் நாங்கள் இறங்கினோம். டி.டி.ஆரும் இறங்கி தனாவின் பின்னாலேயே நடந்தது. நான் கிளினிக்குக்கு ஓட வேண்டியிருந்தது. ஆஸ்பத்திரி வாசலில் நடந்ததை அக்கா பிறகு சொன்னார். செக்யூரிட்டி நாயை உள்ளே விடவில்லை. "அப்ப நானும் வரல. ஊர் தெரியாத நாய், ரோட்டுல அடிபட்டுப் போயிடும்" என்று தனா வாசல் மேடையிலேயே கோணலாக உட்கார்ந்துவிட்டாராம். கடைசியில் அக்கா தன் டீ நேரத்தில் வந்து, யூனிபாரத்தோடு நாயைப் பிடித்துக்கொண்டு நின்றாராம். அதற்குள் தனா உள்ளே போய் ரத்தம் கொடுத்து, டாக்டரைப் பார்த்து, ஊசி போட்டுக்கொண்டு வந்தாராம்.

மத்தியானம் எனக்கு போன் வந்தது. கிளினிக்கில் ஒருவருக்குக் கடைவாய்ப் பல் எடுத்துக்கொண்டிருந்த நேரம். நான் வாயைப் பொத்திக்கொண்டு பேசினேன்.

"கலாக்கா, ஸ்டேஷன்ல கீறேன். இதுக்கு டிக்கெட் எடுக்கணுமாக்கா?"

"நாய்க்கா? தெனமும் டிக்கெட் இல்லாமத்தானே வருது?"

"தனியா வந்தா அது வெறும் நாய்தாங்க்கா. யாரு கேப்பாங்க? இப்ப எங்கூட வருது. தப்பு பண்ணா எம்மேல வரும் இல்ல?"

கவுன்டரில் கேட்டுப் பாருங்கள் என்றேன். பின்னால் ஒரு குரைப்பு கேட்டது.

"இருப்பா, பேசிகினு கீறேன் இல்ல" என்று தனா அதட்டினார். பிறகு குரலைத் தாழ்த்தி, "கோவிச்சிக்காத, இதோ வந்துட்டேன்" என்றார். அது எனக்குச் சொன்னதல்ல.